ஆனந்தரங்கரும் அவுரி விளைந்த நாடும்

தமிழ் உரைநடை வரலாற்றில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் அவர் எழுதிய நாட்குறிப்போடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளது. கி.பி. 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்த அக்குறிப்புகளில் ஆளுநர்களும் நவாபுகளும் படைத்தலைவர்களும் வந்து போகின்றனர். பிரெஞ்சியர் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அறிய விரும்பும் வரலாற்றறிஞர்கள் அந்நூலையே நாடுவர். எனினும் ஆனந்தரங்கர் அடிப்படையில் ஒரு துணி வணிகர் என்பதும், அவருடைய செல்வமும் செல்வாக்கும் தறிக்குழியிலிருந்தும் சாயத்தொட்டியிலிருந்தும் பிறந்தவை என்பதும் போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. புதுச்சேரியின் கோட்டைக்கு வெளியே, வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் பரந்து கிடந்த வயலும் ஏரியும் முட்புதர்க் காடும் அவர் வாழ்க்கையின் பின்புலமாக நின்றவை. அப்பின்புலத்தோடு சேர்த்துக் காணும்போதே அவர் வாழ்க்கை முழுமை பெறுகிறது.

நிலமும் நீரும்

புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேடு. தெற்கே ஆறுகள் கொணர்ந்த வண்டல் நிலம். செஞ்சி மலைப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி, கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கும் திருவக்கரையைக் கடந்து வில்லியனூரை வந்தடைகிறது. பின்னர் அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு எனப் பிரிந்து கடலில் கலக்கிறது. தென்புறத்தில் தென்பெண்ணை ஓடுகிறது. இவ்வீராற்று நீரையும் பருவமழையையும் தேக்கி வைக்க முன்னோர் வெட்டிய ஏரிகளுள் ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் பெரியன. தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைச் சிங்காரி, பங்காரி என்னும் இரு ஆடல்மகளிர் தம் பொருளைக் கொடுத்து வெட்டுவித்தனர் என்பது அவ்வூர் மக்கள் வழங்கும் கதை. பாகூர் பழம்பெருமை வாய்ந்த ஊர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது.

செம்மண் மேட்டில் பாலை, வீரை, காயா, கருங்காலி முதலிய மரங்கள் நெருங்கிய குறுங்காடு இருந்தது. கோடையிலும் இலை உதிர்க்காத இக்காட்டின் எச்சங்களை இன்று கோயில் காடுகளில் மட்டுமே காண முடிகிறது. சுண்ணாம்புக் காளவாய்க்கும் செங்கற் சூளைக்கும் சாயம் காய்ச்சும் அடுப்புக்கும் விறகு வேண்டும். நகரம் வளர வளர அதன் அடுப்புகளுக்கு நாட்டுப்புறம் மரம் கொடுத்தது. நெசவும் சாயமும் நிலத்தையும் நீரையும் மரத்தையும் நம்பிய தொழில்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இத்தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. அரியாங்குப்பத்தாற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு அகழாய்வு நடத்திய மார்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டிருக்கலாம் எனக் கருதினார். அக்கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர். ஆயினும் உரோம நாட்டோடு வணிகம் செய்த அத்துறை, பிரெஞ்சியர் வருகைக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் முன்பே இக்கரை கடல் வணிகத்தில் திளைத்திருந்தமையைக் காட்டுகிறது.

பிறப்பும் இளமையும்

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். இடையர் குலத்தவரான இவர் தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். மூன்று வயது நிரம்பும்போதே ஆனந்தரங்கர் தாயை இழந்தார். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகக் குழுவின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். அவர் அழைப்பின்பேரிலேயே இக்குடும்பம் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது.

உயர்பதவியின் நிலையாமையை ஆனந்தரங்கர் சிறுவயதிலேயே கண்டார். ஆளுநர் எபேர் 1716ஆம் ஆண்டு நைனியப்பரைச் சிறையிலிட்டார். அடுத்த ஆண்டே நைனியப்பர் சிறையில் மாண்டார். அவர் மகன் குருவப்பர் பிரான்சு வரை சென்று நீதி கேட்டார். அங்கே கிறித்துவ சமயம் தழுவி, வீரப்பட்டம் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியை அடைந்தார். ஆனால் 1724இல் மறைந்தார். 1726இல் திருவேங்கடம் பிள்ளையும் இறந்தார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு. ஆளுநர் லெனுவார் அவர்மீது நம்பிக்கை வைத்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் உள்நாட்டு முகவர்களுக்குத் தலைவராக அவரை அமர்த்தினார்.

துணி வணிகர்

பரங்கிப்பேட்டை அவருக்குக் கல்விச்சாலையாக அமைந்தது எனலாம். துணியின் நயம், நூலின் எண், சாயத்தின் அழுத்தம், நெசவாளரின் நிலை ஆகியவற்றை அவர் அங்கே நேரில் கற்றார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் வணிக நிலையங்களை நிறுவி, ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டில் விற்று, உள்நாட்டுத் துணிகளைக் கொள்முதல் செய்தார். நீலம், பாக்கு முதலியனவும் அவர் வணிகத்தில் இடம்பெற்றன. ஆனந்தப்புரவி என்னும் கப்பல் அவருக்கு உரிமையாக இருந்தது.

அக்காலத்தில் துணி உருவான முறையை அறிந்தால் அவர் வணிகத்தின் அடித்தளம் விளங்கும். பஞ்சு பெரும்பாலும் உள்நாட்டிலிருந்து பொதிமாடுகளின் முதுகில் வந்தது. சிற்றூர்ப் பெண்கள் அதை நூலாக நூற்றனர். தோப்பு நிழலில் பாவு நீட்டிக் கஞ்சி பூசி உலர்த்திய பின், நெசவாளர் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்தனர். நெய்த துணியை வண்ணார் உவர்மண் இட்டு வெளுத்து மணலிலும் புல்லிலும் விரித்து வெயிலில் காயவைத்தனர். நல்ல நீர் உள்ள இடத்திலேதான் நல்ல வெளுப்பு அமையும். ஆதலால் ஏரியும் ஆறும் உழவர்க்கு மட்டுமன்றி வண்ணார்க்கும் வாழ்வளித்தன.

நீலச் சாயம் அவுரிச் செடியிலிருந்து கிடைத்தது. அவுரி இலையை நீர்த்தொட்டியில் ஊறவைத்துப் புளித்த பின், அந்நீரை வேறு தொட்டியில் இறக்கி நெடுநேரம் அடித்துக் கலக்குவர். காற்றுப்பட்டு நிறம் மாறிய சாயம் அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடித்து, கட்டிகளாக உலர்த்துவர். இக்கட்டி நீரில் கரையாது. எனவே சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் மீண்டும் புளிக்கவைத்தே துணியைத் தோய்ப்பர். தாழியிலிருந்து எடுக்கும்போது பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றும் துணி காற்றில் நீலமாக மாறும். சிவப்பு நிறத்துக்குக் கடற்கரை மணற்பாங்கில் வளரும் சாயவேர் பயன்பட்டது. இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு செடியின் வேரைத் தோண்டி எடுப்பதே ஒரு தொழிலாக இருந்தது. கடுக்காயும் பாலும் ஊட்டிப் படிகாரம் இட்ட துணியே இவ்வேரின் சிவப்பை நிலையாகப் பற்றும்.

இத்தொழில் நுட்பம் ஐரோப்பியரைப் பெரிதும் ஈர்த்தது. பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் 1734இல் புதுச்சேரியில் சாயமேற்றும் ஒவ்வொரு நிலையிலும் துணியில் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்துக் குறிப்பு எழுதினார். சேசு சபையைச் சேர்ந்த கேர்தூ பாதிரியார் 1742இல் எழுதிய மடலில் இம்முறையைப் படிப்படியாக விளக்கினார். தம் பெயரை எங்கும் பதிக்காத சாயக்காரர்களின் அறிவு இவ்வாறு கடல் கடந்தது. பின்னாளில் ஐரோப்பாவில் துணி அச்சுத்தொழில் வளர அது துணைசெய்தது.

புதுச்சேரியிலிருந்து சென்ற நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவில் பெருமதிப்புப் பெற்றது. செனகல் ஆற்றுப் பகுதியில் வேல மரத்துப் பிசினுக்கு மாற்றாக அது பணம் போலவே வழங்கியது. இந்தியத் துணிகள் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கவும் கொடுக்கப்பட்டன என்பது வரலாற்றின் கசப்பான உண்மை. தறிக்குழியில் இருந்தவன் தன் துணி எங்குச் செல்கிறது என்பதை அறியான். முன்பணம் வாங்கிய கடனும் அடுத்த பருவத்து நூல் விலையுமே அவன் கவலைகள்.

துபாசிப் பதவி

ஆளுநர் துய்மா காலத்தில் 1740ஆம் ஆண்டு மராட்டியர் படையெடுப்பால் கருநாடகம் கலங்கியது. நாட்டுப்புற மக்களும் நவாபின் குடும்பத்தாரும் புதுச்சேரியின் பாதுகாப்பை நாடினர். 1742இல் துய்ப்ளே ஆளுநரானார். தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார், இறந்த தம் மகன் நினைவாக 1745இல் ஒழுகரையில் தேவாலயம் கட்டியவர். அவர் 1746இல் மறைந்தபின், 1747இல் ஆனந்தரங்கர் அப்பதவியைப் பெற்றார். கிறித்துவர் அல்லாத ஒருவருக்கு அப்பதவி அளிக்கப்படுவதற்கு எதிர்ப்பு இருந்தது. துய்ப்ளேயின் மனைவியாரின் பகையும் அவருக்குத் தொடர்ந்து இடையூறாயிற்று. இருந்தும் அவர்தம் திறமையும் உள்நாட்டு வணிகரிடம் அவருக்கிருந்த செல்வாக்கும் வென்றன.

1748இல் ஆங்கிலத் தளபதி பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதல் தாக்குதல் அரியாங்குப்பத்தின்மீது விழுந்தது. அங்கிருந்த வெடிமருந்து தீப்பற்றியதால் பிரெஞ்சியர் அக்கோட்டையை விட்டு விலகினர். மழைக்காலம் தொடங்கவே ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டனர். நகரம் தப்பியது, ஆனால் அம்முற்றுகையின்போது செப்டம்பர் மாதத்தில் நகரத்தினுள் இருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சியராலேயே இடிக்கப்பட்டது. தலைமைத் துபாசியாக இருந்தும் அதைத் தடுக்க ஆனந்தரங்கரால் இயலவில்லை. அந்நிகழ்ச்சியை அவர் மிகுந்த மனவேதனையோடு பதிவு செய்துள்ளார். அவர் செல்வாக்கின் எல்லை எதுவென்பதை அந்நாள் காட்டிவிட்டது.

வில்லியனூர், பாகூர்

1749ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சியர் துணையோடு வென்ற சந்தா சாகிபு புதுச்சேரிக்கு வந்து, நன்றிக் கடனாக வில்லியனூர், பாகூரைச் சார்ந்த ஊர்களைப் பிரெஞ்சியருக்கு அளித்தார். கடற்கரையில் ஒரு வணிக நகரை மட்டும் வைத்திருந்த குழு, இதனால் ஏரிகளும் நெல்வயல்களும் கொண்ட நாட்டுக்கு உரிமை கொண்டது. துணிக்கு விலை பேசியவர்கள் நிலத்துக்கு வரி விதிப்பவர்களாயினர். ஊர்கள் குத்தகைதாரர்களிடம் விடப்பட்டன. குத்தகைத் தொகையை ஈடுகட்ட வேண்டிய சுமை முடிவில் உழவன் தலையிலேயே விழுந்தது. இன்று புதுச்சேரியின் கிராமங்கள் தமிழ்நாட்டு ஊர்களிடையே தீவுகள்போல் சிதறிக் கிடப்பதற்கும் இத்தகைய கொடைகளே தொடக்கமாகும்.

ஆனந்தரங்கரின் புகழ் இக்காலத்தில் உச்சியை எட்டியது. முசாபர் சங்கு அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சபுப் பட்டம் வழங்கினார். பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு ஆளுநர் மாளிகைக்குள் செல்லும் உரிமை அவருக்கு இருந்தது. புலவர்கள் அவரை நாடி வந்தனர். தியாகராச தேசிகர் ஆனந்தரங்கக் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார். புதுச்சேரியில் அவர் பெயர் தாங்கிய தெருவில் அவருடைய மாளிகை நிற்கிறது. கீழ்த்தளத்தில் தமிழர் முறைப்படி செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சு முறையில் அமைந்த சுதைத்தூண்கள். இரண்டு உலகங்களுக்கு இடையே நின்றவரின் வாழ்க்கைக்கு அவ்வீடே சான்றாகும்.

கொடையாகக் கிடைத்த நாடு விரைவில் போர்க்களமாயிற்று. 1752இல் பாகூரில் லாரன்சு தலைமையிலான ஆங்கிலப் படை, துய்ப்ளேயின் உறவினரான கெர்ழான் நடத்திய பிரெஞ்சுப் படையை முறியடித்தது. படைகள் செல்லும் வழியில் மாடும் நெல்லும் மிஞ்சா. பாவு நீட்டத் தோப்பும் மிஞ்சாது. போர்க்காலத்தில் நெசவாளர் ஊரைவிட்டு ஓடுவதும், துணி வரத்து நின்று கப்பல்கள் காத்துக் கிடப்பதும் வணிகரான ஆனந்தரங்கருக்கு நேரடி இழப்பாயின. துய்ப்ளேயின் அரசியல் வெற்றிகளைப் போற்றிய அவரே, அவ்வெற்றிகள் தம் தொழிலின் வேரை அறுப்பதையும் கண்டிருக்க வேண்டும்.

வீழ்ச்சி

1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த லெய்ரி காலத்தில், 1756இல் ஆனந்தரங்கர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உடல்நலமும் குன்றியது. ஆண் மக்கள் இருவரும் இளமையிலேயே இறந்துபோன துயரம் அவருக்கு உண்டு. 1758இல் வந்த லல்லியின் கடுமை, பொருள் முடை, படைத் தோல்விகள் என நாட்குறிப்பின் பிற்பகுதி இருண்டு செல்கிறது. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

அக்காலத்தில் புதுச்சேரியைச் சுற்றி நகரெல்லையாக ஒரு வேலி இருந்தது. கற்றாழையும் முட்செடிகளும் பனையும் தென்னையும் நெருங்கி வளர்ந்த அவ்வுயிர்வேலி, அரைவட்டமாக நகரைக் காத்தது. வில்லியனூர், வழுதாவூர், அரியாங்குப்பம் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் வழிகளில் காவலரண்கள் இருந்தன. மதிலுக்கு முன்பே நகரைக் காத்தது இம்மண்ணில் முளைத்த முள்தான். 1760ஆம் ஆண்டு செப்டம்பரில் அயர் கூட்டின் படை அவ்வேலியைக் கைப்பற்றியது. அத்துடன் நாட்டுப்புறத்துக்கும் நகருக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. வில்லியனூர், பாகூர் நெல் நகரத்துக்குள் வரவில்லை.

பஞ்சம் முற்றவே, லல்லி அவ்வாண்டு நவம்பர் இறுதியில் தமிழ் மக்கள் ஏறத்தாழ 1,400 பேரை நகரிலிருந்து வெளியேற்றினார். ஆங்கிலப் படை அவர்களைத் தம் எல்லையைக் கடக்க விடவில்லை. பிரெஞ்சியர் மீண்டும் உள்ளே சேர்க்கவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக எட்டு நாட்கள் இரு படைகளுக்கும் இடையே புல்லின் வேரைத் தின்று கிடந்தனர். அதன் பின்னரே ஆங்கிலேயர் வழிவிட்டனர். சாயவேர் தோண்டிச் செல்வம் சேர்த்த மண்ணில் மக்கள் பசிக்கு வேர் தோண்டிய அந்நாட்களைக் காட்டிலும் கொடிய காலத்தை இப்பகுதி கண்டிருக்குமா என்பது ஐயமே.

1761 சனவரி முதல் நாள் வீசிய பெரும்புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. அதுவும் நகரைக் காக்கவில்லை. சனவரி 12ஆம் நாள், தம் ஐம்பத்திரண்டாம் வயதில் ஆனந்தரங்கர் உயிர் நீத்தார். நான்கு நாட்கள் கழித்து, 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் நகரும் தரைமட்டமாக்கப்பட்டன. அந்தக் காட்சியைக் காணாமல் கண்மூடியது ஒன்றே அவருக்கு வாய்த்த ஆறுதல் எனலாம்.

பிற்காலம்

அவர் தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பு எழுதும் மரபைத் தொடர்ந்தார். ஆனந்தரங்கரின் ஏடுகள் நெடுங்காலம் வீட்டில் உறங்கின. 1846இல் கலுவா மொன்பிரேன் என்னும் பிரெஞ்சியர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மூலத் தமிழோ 1948ஆம் ஆண்டுக்குப் பின்னரே அச்சேறத் தொடங்கியது. தமிழில் எழுதியவரைத் தமிழர் ஆங்கில வழியாக முதலில் அறிந்தது எண்ணத்தக்கது. நாவலாசிரியர் பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய புதினங்கள் வழியாக அக்காலத்தைப் பொதுவாசகர்க்கு அறிமுகம் செய்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நீலத்துணித் தொழில் 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளின் வடிவில் மீண்டும் தழைத்தது. ஆனால் 1897இல் செயற்கை நீலம் செருமனியிலிருந்து விற்பனைக்கு வந்தபின் அவுரி வயல்கள் மறையலாயின. சாயவேர் தோண்டுவோரும் இல்லாதொழிந்தனர். சாயத்தாழிகள் இருந்த இடங்களையும் தோண்டினாலன்றி அறியமுடியாது. வில்லியனூரில் சங்கராபரணிக் கரை மண்ணை நம்பிய சுடுமண் கலை மட்டும் புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் பறவைகளுக்கும் பாசனத்துக்கும் இன்றும் பயன்படுகின்றன; அவற்றின் கரைகளில் துணி வெளுத்தவரின் நினைவு மட்டும் மறைந்துவிட்டது.

ஆனந்தரங்கர் குறையற்றவர் அல்லர். குலப்பெருமையும் சோதிட நம்பிக்கையும் பதவி வேட்கையும் அவரிடம் இருந்தன. அவற்றையும் மறைக்காமல் எழுதினார் என்பதே அவர் பெருமை. நெசவாளரும் சாயக்காரரும் வண்ணாரும் தமக்கென நாட்குறிப்பு எழுதவில்லை. ஒரு துணி வணிகர் எழுதிவைத்த விலைகளிலும் வரத்துகளிலும் வழக்குகளிலும் மட்டுமே அவர்கள் வாழ்வின் தடம் எஞ்சியிருக்கிறது. நாட்குறிப்பை இனிப் படிப்போர் ஆளுநர் மாளிகையின் செய்திகளோடு நின்றுவிடாமல், அதன் வரிகளுக்கிடையே வில்லியனூர், பாகூர் நாட்டின் வயலையும் தறியையும் தேடுதல் வேண்டும். அத்தேடல் நிறைவேறும் நாளில்தான் ஆனந்தரங்கரின் எழுத்து அவரைச் செல்வராக்கிய எளிய மக்களுக்கும் உரியதாகும்.